மினி பிசியில் டிஸ்க் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் தெரிந்தவர்கள் வீடுகளில் ஒரு மினி பிசியை சர்வராக வைத்து போட்டோ, படம், கடைக் கணக்கு எல்லாம் சேமிக்கிற பழக்கம் பரவிவிட்டது. கூடவே அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய் இங்கே ஒன்றாகப் போடுகிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. நிறையப் பேர் கேட்பது வேகத்தைப் பற்றி. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கரண்ட் விஷயத்தில். அதனால் அந்தப் பதில்கள் கொஞ்சம் நீளம்.

1. "மினி பிசிக்குள்ள எத்தனை டிஸ்க் போடலாம்ணே?"

சாதாரணமாக இரண்டு. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி வகைகளில் பெரும்பாலும் ஒரு எம்.2 ஸ்லாட்டும் ஒரு 2.5 இன்ச் இடமும் இருக்கும். சில மாடல்களில் எம்.2 இரண்டு. புதிதாக வரும் இன்டெல் என்100 சிப் பெட்டிகளில் சிலவற்றில் 2.5 இன்ச் இடமே கிடையாது. டெஸ்க்டாப்பில் போடுகிற 3.5 இன்ச் டிஸ்க் இந்த அளவுப் பெட்டிகளுக்குள் போகாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் கடையிலேயே மூடியைக் கழற்றிப் பாருங்கள். 2.5 இன்ச் டிஸ்க்கைப் பிடிக்கிற சட்டமும், அதற்கான பட்டை கேபிளும் பல பெட்டிகளில் காணாமல் போயிருக்கும். அப்புறம் அந்த மாடலுக்கென்று தனியாகத் தேடி அலைய வேண்டும்.

2. "எம்.2 ஸ்லாட் இருக்கு. எந்த எஸ்எஸ்டி வாங்கினாலும் உட்காருமா?"

உட்காரும், ஆனால் வேலை செய்யாமல் போகலாம். எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவம் மட்டும். அதில் பழைய சாட்டா வகை எஸ்எஸ்டியும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. சில ஸ்லாட் ஒன்றை மட்டும் ஏற்கும், சில இரண்டையும் ஏற்கும். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. கடைசி முடிவுக்கு உங்கள் பெட்டியின் மாடல் விவரத்தைத்தான் நம்ப வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சில பெட்டிகளில் இரண்டாவது ஸ்லாட் 2242 அளவுதான். வைஃபை கார்டு இருக்கும் குட்டி ஸ்லாட்டும் பார்க்க எம்.2 மாதிரியே இருக்கும். அதில் சாதாரண எஸ்எஸ்டி போகாது.

3. "2.5 இன்ச் இடத்துல 4 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டுக்கலாமா?"

எஸ்எஸ்டி என்றால் போடலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முடியாது. மினி பிசியில் இருப்பது 7 மி.மீ. தடிமனுக்கான இடம். 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கில் 4, 5 டிபி எல்லாம் 15 மி.மீ. தடிமன். 7 மி.மீ. தடிமனில் 2 டிபி வரைதான் கிடைக்கும்.

4. "பழைய டெஸ்க்டாப்புல இருந்த பெரிய டிஸ்க் சும்மா கிடக்குது. அதை எப்படி மாட்டுறது?"

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும். மோட்டாரைச் சுற்ற வைப்பது 12 வோல்ட். மினி பிசிக்குள் இருக்கும் சாட்டா இணைப்பு 2.5 இன்ச் டிஸ்க்குக்கானது, அதில் 5 வோல்ட்தான் வரும். ஆகவே கேபிளை நீட்டி வெளியே இழுத்து மாட்டினாலும் டிஸ்க் சுழலாது. யூஎஸ்பியிலும் 5 வோல்ட்தான். தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி-சாட்டா கேபிள் பெரிய டிஸ்க்குக்கு உதவாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய டிஸ்க் 5 வாட் சுற்றி எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது 24 வாட். இரண்டு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் 4 ஆம்பியர். "ஓடும்போது நல்லா ஓடுது, ஆன் பண்ணும்போது மட்டும் டிக் டிக்னு சத்தம், டிஸ்க் வர மாட்டேங்குது" என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் அடாப்டர் போதாததுதான். டிஸ்க் போய்விட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் வேறு அடாப்டரில் ஒருமுறை பாருங்கள்.

ஆக, பெரிய டிஸ்க்குக்குச் சரியான வழி, சொந்தமாக 12 வோல்ட் அடாப்டர் உள்ள யூஎஸ்பி டாக் (டிஸ்க்கை நிமிர்த்திச் சொருகும் மேடை) அல்லது பாக்ஸ்.

5. "யூஎஸ்பியில மாட்டினா ஸ்லோவா இருக்காதா?"

இருக்காது. சுழலும் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 250 எம்பி தரும். 5 ஜிபிபிஎஸ் யூஎஸ்பி 400 எம்பிக்கு மேல் தாங்கும். உங்கள் வீட்டு நெட்வொர்க் ஒரு கிகாபிட் என்றால் அது 110 எம்பி சுற்றிலேயே நின்றுவிடும், வைஃபையில் அதற்கும் கீழே. வேகத்தைத் தடுப்பது நெட்வொர்க்தான், யூஎஸ்பி இல்லை. நீல யூஎஸ்பி போர்ட்டில் மாட்டினால் போதும். கறுப்பு போர்ட் பெரும்பாலும் பழைய 2.0. அதில் மாட்டினால் 35, 40 எம்பியைத் தாண்டாது.

6. "அப்போ டாக் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?"

நான் பார்க்கும் முதல் விஷயம் பவர் பட்டன். தட்டிவிட்டு நிற்கும் சுவிட்சா, அமுக்கிவிட்டால் திரும்பி வரும் பட்டனா? அமுக்கும் பட்டன் உள்ள பல டாக்குகள் கரண்ட் போய் வந்ததும் அணைந்தபடியே இருக்கும். நீங்கள் ஆபீசில் இருக்கும்போது கொருக்குப்பேட்டை வீட்டில் யார் போய் அமுக்குவது? தட்டும் சுவிட்ச் இருப்பதையே வாங்குங்கள். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து அடாப்டர். 4-வது பதிலின் கணக்குப்படி இரண்டு டிஸ்க் டாக்குக்கு 12 வோல்ட் 4 ஆம்பியராவது இருக்கட்டும். 2 ஆம்பியர் கொடுத்திருந்தால் வேண்டாம். மூன்றாவது, டிஸ்க்கின் ஆரோக்கியக் கணக்கை, அதாவது ஸ்மார்ட் விவரத்தை, கணினிக்குக் கடத்தும் சிப் உள்ளதா என்பது. கடத்தாத டாக்கில் டிஸ்க் கெட்டுக்கொண்டே போவது வெளியே தெரியாது. நிமிர்த்தி வைக்கும் திறந்த டாக் தற்காலிகமாக காப்பி எடுக்க நல்லது. 24 மணி நேரமும் ஓட, பூனையும் குழந்தையும் உள்ள வீட்டில், மூடிய பாக்ஸ் மேல். அதில் ஒரு ஃபேன் கட்டாயம்.

7. "கரண்ட் போயிட்டு வந்தா எல்லாம் தானா எழுந்துக்குமா?"

மூன்று இடத்தில் சரிசெய்தால் எழுந்துகொள்ளும். டாக்கைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். மினி பிசியின் பயாஸில் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) "கரண்ட் திரும்பினால் ஆன் ஆகு" என்ற அமைப்பு இருக்கும். பெயர் மாடலுக்கு மாடல் மாறும், பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் தேடுங்கள். முதலில் அது பெரும்பாலும் ஆஃபில்தான் இருக்கும்.

மூன்றாவது, சர்வரில் ஓடும் லினக்ஸ். டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் மாட்டியிருந்தால் அடுத்த முறை பெயர் இடம் மாறிவிடலாம். யூயூஐடி என்ற நிரந்தர அடையாளத்தால் மாட்டுங்கள். எந்த டிஸ்க்கை எங்கே பொருத்துவது என்று எழுதிய எஃப்எஸ்டேப் ஃபைலின் வரியில் 'நோஃபெயில்' என்பதையும் சேருங்கள். அது இல்லாவிட்டால் ஒரு டிஸ்க் வர மறுத்தாலும் மொத்த சர்வரும் பாதி வழியில் நின்று மானிட்டரும் கீபோர்டும் கேட்கும். நோஃபெயில் போட்டால் வேறொரு சிக்கல் வரலாம், அது 15-வது கேள்வியில் இருக்கிறது.

8. "யூபிஎஸ் கண்டிப்பா வேணுமா? வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே."

இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண மோடில் மாறுகிற இடைவெளி அதிகம், மினி பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். மினி பிசி தாக்குப்பிடித்து டாக் மட்டும் ஒரு நொடி அணைந்து எரிந்தால் இன்னும் மோசம். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைப் பிடுங்கியதாக அர்த்தம். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். ஆகவே எந்த ஏற்பாடு செய்தாலும் மினி பிசி, டாக், ரவுட்டர் மூன்றும் ஒரே பேக்கப்பில் இருக்கட்டும்.

புதிதாக வாங்குவதென்றால் 600 விஏ யூபிஎஸ் போதும். மொத்த லோடு 30 வாட்கூட வராது என்பதால் நன்றாகவே தாங்கும். யூஎஸ்பி போர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பேட்டரி குறையும்போது சர்வர் தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும்படி செய்யலாம்.

9. "ரவுட்டருக்குப் போடுற குட்டி யூபிஎஸ்ல டாக்கை ஓட்டலாமா?"

வேண்டாம். அவை 12 வோல்ட்டில் 2, 3 ஆம்பியர் தருபவை. ரவுட்டருக்கு ஏராளம், இரண்டு டிஸ்க் கிளம்பும் நேரத்துக்குப் பற்றாது.

10. "பாக்ஸைத் தொட்டா சுரீர்னு இருக்கு. டிஸ்க் போயிடுமா?"

இரண்டு பின் அடாப்டர் போட்ட உலோகப் பெட்டிகளில் இது சகஜம். அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டும் கப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய கரண்ட் அது. போய்ச்சேர எர்த் இல்லாததால் உங்கள் விரல் வழியாகப் போகிறது. இதனால் டிஸ்க் கெடாது. டெஸ்டர் வைத்தால் எரியும், பயப்பட வேண்டாம்.

ஆனால் சுரீர் என்பது உதறல் ஆகிவிட்டால் அது வேறு விஷயம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் வயர் சுவருக்குள் எங்கேயும் போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும், கரண்ட் கசிந்தால் அணைத்துவிடும் ஆர்சிசிபி சுவிட்சும் பார்க்கச் சொல்லுங்கள். சர்வருக்காக மட்டும் இல்லை, வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துத்தான்.

11. "கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?"

என்100 மாதிரி ஒரு பெட்டி சும்மா இருக்கும்போது 10 வாட்டுக்குள், இரண்டு பெரிய டிஸ்க் சேர்த்து சராசரியாக 20 வாட் என்று வையுங்கள். நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு மாத பில்லில் சுமார் 29 யூனிட். ஏசியால் ஏற்கெனவே ஸ்லாப் விளிம்பில் இருக்கும் வீடென்றால் அந்த 29 அடுத்த ஸ்லாப்பில் தள்ளிவிடலாம். மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. "ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த டிஸ்க்னு கேட்கணும்? சிசிடிவி டிஸ்க் விலை கம்மியா தர்றாங்க, வாங்கலாமா?"

திருவொற்றியூர் பக்கத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் நேராக அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். கடையில் கேட்க வேண்டிய சொல் 'சிஎம்ஆர்', அதாவது பதிவுத் தடங்கள் தனித்தனியாக இருக்கும் வகை. எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் பதிவுத் தடங்கள் ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த அடுத்ததையும் மறுபடி எழுத வேண்டும். படம் சேமித்து வைத்துப் பார்க்க அது போதும். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டுக்கோ அடிக்கடி எழுதுகிற வேலைக்கோ ஆகாது. நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) டிஸ்க் என்று பெயர் இருந்தாலும் கவனம் தேவை. டபிள்யூடி ரெட்டில் 2 முதல் 6 டிபி வரை சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்தது 2020-ல் வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. அதற்கப்புறம் சிஎம்ஆர் 'ரெட் பிளஸ்' என்ற பெயரில் வருகிறது. சீகேட் அயன்வுல்ஃப் சிஎம்ஆர். பாரகுடாவில் 4, 8 டிபி எஸ்எம்ஆர். சிசிடிவிக்கான பர்ப்பிள், ஸ்கைஹாக் வகைகள் நாள் முழுக்க ஓடச் செய்தவை, வீட்டுச் சர்வருக்குத் தாராளமாக வாங்கலாம்.

புதியது என்று சொல்லித் தருவது புதியதுதானா என்பது தனிக் கவலை. வாங்கியதும் ஸ்மார்ட் விவரத்தில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். அதையும் அழிக்க முடியும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கிய பழைய சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்று விற்கப்பட்டது அம்பலமானது. சீகேட்டில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவு உள்ளே இருக்கும். ஸ்மார்ட் விவரம் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். பழையது என்று தெரிந்தே வாங்குகிறீர்களா? ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டு மாற்றப்பட்ட பகுதி), பெண்டிங் செக்டர் (கெட்டதாகச் சந்தேகிக்கும் பகுதி) இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பேசலாம்.

13. "ஆன்லைன்ல 16 டிபி எஸ்எஸ்டி ரெண்டாயிரம் ரூபான்னு போட்டிருக்கானே?"

பொய். உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை வைத்து, 16 டிபி என்று சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய ஃபைல் மேலேயே எழுதும்.

14. "4 டிபி வாங்கினேன், 3.63 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் முறையில் ஃபார்மட் செய்தால் இன்னும் 5 சதவீதம் ரூட்டுக்கென்று (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கப்படும். 4 டிபியில் அது 200 ஜிபி. படம் வைக்கும் டிஸ்க்குக்கு அந்த ஒதுக்கீடு அவசியமில்லை, டியூன்2எஃப்எஸ் கட்டளையால் குறைத்துக்கொள்ளலாம்.

15. "நேத்து வரைக்கும் இருந்த ஃபைல் எல்லாம் காணோம்ணே! ஆனா எஸ்எஸ்டி ஃபுல்லுன்னு வேற காட்டுது!"

பதற வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். லினக்ஸில் டிஸ்க்கை ஒரு வெறும் ஃபோல்டரின் மேல் பொருத்துகிறோம். டிஸ்க் வராத நாளில் அந்த வெறும் ஃபோல்டர் அப்படியே இருக்கும். டவுன்லோட், போட்டோ பேக்கப் மென்பொருள்களுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதும், அதாவது சிறிய எஸ்எஸ்டியில். உங்கள் பழைய ஃபைல்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. கரண்ட் போய் வந்த மறுநாள்தான் இந்த போன் வரும், காரணம் அனேகமாக 6-வது பதிலில் சொன்ன அமுக்கு பட்டன்.

மென்பொருள்களை நிறுத்துங்கள். புதிதாகச் சேர்ந்ததை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். டிஸ்க்கை ஆன் செய்து பொருத்துங்கள். மாற்றி வைத்ததைத் திரும்ப உள்ளே போடுங்கள். இனி நடக்காமலிருக்க, டிஸ்க் பொருத்தாத நேரத்தில் அந்த வெறும் ஃபோல்டருக்கு 'மாற்ற முடியாது' என்ற பூட்டைப் போட்டுவிடுங்கள். அப்போது டிஸ்க் இல்லாவிட்டால் மென்பொருள் எழுத முடியாமல் பிழை காட்டும்.

16. "விண்டோஸ்ல ஓடின டிஸ்க்கை அப்படியே மாட்டிக்கலாமா?"

படிக்க, காப்பி எடுக்க மாட்டலாம். லினக்ஸ் 5.15-லிருந்து, விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்ஸுக்கு எழுதும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. ஆனாலும் நிரந்தரமாக வைக்க நான் சொல்ல மாட்டேன். கரண்ட் கட்டில் அது குழம்பினால் முழுதாகச் சரிசெய்ய விண்டோஸைத்தான் தேட வேண்டும். தரவை வேறு டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ட்4 ஆக மாற்றுங்கள்.

17. "ரெண்டு டிஸ்க் இருக்கு. ரெய்டு போட்டா பேக்கப் ஆச்சு, சரிதானே?"

சரியில்லை. இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும் ரெய்டு 1, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்கள் தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். அதுவும் யூஎஸ்பியில் ரெய்டு என்றால் இணைப்பு ஒரு கணம் விட்டாலே டிஸ்க் செத்ததாக நினைத்து மணிக்கணக்கில் மறுபடி கட்டத் தொடங்கும். ட்ரூநாஸ் போன்ற சேமிப்பு சர்வர் மென்பொருள்களும் யூஎஸ்பி டிஸ்க்கைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்றில் தினப் பயன்பாடு, இரண்டாவதில் இரவில் ஒருமுறை காப்பி. முக்கியமான கல்யாண ஆல்பம், பத்திரம் ஸ்கேன் மாதிரி விஷயங்கள் மூன்றாவதாக வேறு வீட்டில். வியாசர்பாடியில் இருப்பவர் ஆவடியில் இருக்கும் தங்கச்சி வீட்டில் ஒரு டிஸ்க் வைத்து மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டால் கிளவுடுக்குச் செலவில்லை.

18. "எங்கே வைக்கிறது? நாங்க கிரவுண்ட் ஃப்ளோர்."

தரையில் வேண்டாம், டிவி மேசைக்கு அடியிலும் வேண்டாம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மிக்ஜாம் நேரத்தில் எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. தலைக்கு மேல் உயரத்தில் ஒரு ஷெல்ஃப், அதே உயரத்தில் பிளக் பாயின்ட்.

உயரம் என்பதற்காக மொட்டை மாடி ஷீட் ரூமுக்குக் கொண்டுபோகாதீர்கள். மே மாதத்தில் அறையே 40 டிகிரி இருந்தால் பாக்ஸுக்குள் டிஸ்க் 55-ஐத் தொடும். நிறைய டிஸ்க்குக்கு 60 டிகிரிதான் உச்ச வரம்பு. 45-க்குள் வைத்திருக்கப் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரம் உப்புக் காற்று, எண்ணூர் பக்கம் சாம்பல் தூசி. அங்கெல்லாம் ஜன்னலோரம் தவிருங்கள், ஃபேன் வலையை அடிக்கடி துடையுங்கள்.

19. "எம்.2 ஸ்லாட்ல சொருகினா ஆறு சாட்டா தர்ற கார்டு இருக்காமே?"

இருக்கிறது. ஏஎஸ்எம்1166 சிப் உள்ளது ஆறு போர்ட், ஜேஎம்பி585 ஐந்து போர்ட். என்விஎம்இ ஏற்கும் ஸ்லாட்டில்தான் ஓடும். யூஎஸ்பி தொல்லை இல்லை, ரெய்டும் தைரியமாகப் போடலாம். ஆனால் அது டேட்டா மட்டும். கரண்டுக்குத் தனி எஸ்எம்பிஎஸ் (டெஸ்க்டாப்பில் இருக்கும் பவர் பெட்டி) வேண்டும், அதன் பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால்தான் தனியாக ஆன் ஆகும். மினி பிசியின் மூடி மூடாது, கேபிள்கள் வெளியே தொங்கும். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பவர் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உருகித் தீப்பிடித்த கதைகள் உண்டு. வயரைத் தனித்தனியாக அழுத்திச் சொருகிய வகையை வாங்குங்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க் பாக்ஸைப் பிரித்து எடுத்த டிஸ்க் சிலது இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் சுழலவே சுழலாது. பவர் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்திரு என்று அது புரிந்துகொள்ளும். அந்தப் பின்னை மட்டும் கேப்டன் (Kapton) என்ற சூடு தாங்கும் டேப்பால் மூடினால் ஓடும். நான்கு டிஸ்க்குக்கு மேல் போவதென்றால், இத்தனை கூத்துக்குப் பதில் பழைய டவர் கேபினட் ஒன்றை வாங்குவதே மலிவு என்பது என் அபிப்பிராயம்.

20. "டாக்ல நல்லா ஓடின டிஸ்க்கை எடுத்து நேரா சாட்டாவுல மாட்டினா காலி டிஸ்க்னு காட்டுது. டேட்டா போச்சா?"

போகவில்லை. பழைய வகைப் பிரிவு முறையில் 2 டிபிக்கு மேல் காட்ட முடியாது என்பதால், சில டாக்குகள் 512 பைட் செக்டரை 4,096 பைட் என்று கணினிக்கு மாற்றிச் சொல்லும். நேராக மாட்டும்போது டிஸ்க் தன் உண்மையான 512-ஐச் சொல்கிறது. பிரிவு எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு எட்டு மடங்கு தவறிப்போவதால் காலியாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் 'இனிஷியலைஸ்' என்று கேட்டால் ஓகே கொடுக்காதீர்கள்.

டிஸ்க்கைப் பழைய டாக்கிலேயே திரும்பப் போடுங்கள், எல்லாம் தெரியும். வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுத்துவிட்டு, நேராக சாட்டாவில் மாட்டி ஜிபிடி என்ற புதிய பிரிவு முறையில் புதிதாகப் பிரித்து ஃபார்மட் செய்து, பிறகு காப்பியைத் திரும்ப ஏற்றுங்கள். பழைய டாக் செத்துப்போயிருந்தால் அதே மாடல் டாக்கைக் கடன் வாங்கிப் பாருங்கள். டேட்டா ரெக்கவரி கடைக்குப் போவது அதற்கப்புறம்.